ஒரு சாம்பிள் போதும்

ஜொகூரில், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் கணினி பழுது பார்க்கும் கடை என்னுடையது. ஒரு பக்கம் சலவைக் கடை, மறுபக்கம் ரொட்டி சானாய் கடை. கணினி மெதுவாக ஓடுகிறது என்று கொண்டுவருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வைரஸ் மேல்தான் பழியைப் போடுவார்கள். திறந்து பார்த்தால் வைரஸும் இருக்காது, ஒரு மண்ணும் இருக்காது. டிரைவ் நிரம்பிக் கிடக்கும். பழைய படங்கள், வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கங்கள், பாதியில் நின்றுபோன சினிமாக்கள். எல்லாம் நீங்கள் சேர்த்ததுதான் என்று சொன்னால் என்னை முறைப்பார்கள். எனக்கும் வாய் சும்மா இருக்காது, ஏதாவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

கில்பர்ட் அண்ணன் அந்த ரகம் இல்லை. முதல் தடவை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதே விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்.

"ஸ்டோர் நெறஞ்சிருச்சு தம்பி. எது எவ்வளவு எடம் புடிச்சிருக்குன்னு மட்டும் காட்டு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

டிரைவை ஸ்டோர் என்றுதான் சொல்லுவார். அவர் வாழ்க்கையே ஸ்டோர்தான். பொந்தியான் பக்கம் அன்னாசித் தோட்டத்தில் பிறந்தவர். இருபது வயதில் சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கப் போனார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடப்பது, இருட்டிய பிறகு திரும்பி வருவது என்று காலம் ஓடியது. மழைக்கோட்டுப் போட்டே முதுகு வளைந்துவிட்டது என்பார். பெட்டி அடுக்கியவர் சாமான் கிடங்குக்கே பொறுப்பாளர் ஆனார். அங்கே அவர் பெயர் எடுத்தது ஒரே ஒரு காரியத்தில்: வேண்டாததை வெளியேற்றுவது. ஒரு வருஷமாக அசையாத சாமான் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டுவார். யாரும் கேட்டு வராவிட்டால் அது லாரி ஏறிவிடும். ஒரே மாதிரிப் பொருள் அட்டி அட்டியாக அடுக்கியிருந்தால், ஒன்றை மட்டும் மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவார். "ஒரு சாம்பிள் போதும்" என்பது அவர் வாயில் தினமும் வரும் வார்த்தை.

வீட்டிலும் அதே சட்டம்தான். அவர் மனைவி இன்பராணி அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "எங்க வீட்டுக்கு ரெண்டு பேரு வந்தா ரெண்டாவது ஆளு கையாலதான் பாயசம் குடிக்கணும். கரண்டி எல்லாத்தையும் இவரு சாம்பிளாக்கிட்டாரு."

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது. தேவாலயத்தை ஒட்டிய பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் வேலை. வாய் ஓயாத பேச்சு. அண்ணன் கடைக்கு வந்தால் கூடவே வருவார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, ஒன்னு நடந்துச்சு, கேளேன்" என்று ஆரம்பிப்பார். அப்படி என்னதான் நடந்திருக்கும்? பக்கத்து வீட்டுப் பூனை இவர் வீட்டுக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். மீன்காரர் யாரோ ஒருவரின் மிச்சக் காசை இவரிடம் கொடுத்திருப்பார். பாலர் பள்ளியில் ஒரு பையன் காலணியை இடவலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்திருப்பான். அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். வேலை கெடுகிறதே என்று எரிச்சலாகவும் இருக்கும். அவர் போன பிறகு கடை வெறிச்சென்று ஆகிவிடும்.

முதல் தடவை வந்த அன்று சனிக்கிழமை மத்தியானம். மகள் அபிகெயிலுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு வந்திருந்தார்கள். வீடியோ எடுத்தவர், வெட்டாமல் ஒட்டாமல் எடுத்தது முழுவதையும் தன் ஹார்ட் டிஸ்க் வட்டு ஒன்றில் போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டொரு நாளில் வட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மடிக்கணினியிலோ இடம் இல்லை.

டிரைவில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்ட ஒரு சின்ன மென்பொருள் வைத்திருக்கிறேன். ஓடவிட்டால் டிரைவ் முழுவதையும் வண்ணக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டும். பெரிய கோப்பென்றால் பெரிய கட்டம், சின்னக் கோப்பென்றால் பொட்டு மாதிரி. அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. எங்கள் கிடங்குக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் என் முதுகு தப்பியிருக்கும் என்றார். திரையில் பாதிக்கு மேல் ஒரே நீல நிறம். சுட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். "செபமாலை" என்று ஒரு அடைவு. உள்ளே வரிசையாக வீடியோக்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் விளக்கினார். கொரோனா காலத்தில் எல்லையை மூடியபோது அண்ணன் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டார். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் வீட்டுக்கு வருவது போய், இரண்டு வருஷம் ஊட்லண்ட்ஸில் வாடகை அறை ஒன்றில் கிடந்தார். இங்கே ஜொகூரில் இருந்தால் அந்தப் பக்கத்துக் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். ஆளைத்தான் பார்க்க முடியாது. தினமும் சாயங்காலம் கணினியில் வீடியோ அழைப்புப் போட்டு, அக்கா இங்கிருந்தும் அண்ணன் அங்கிருந்தும் சேர்ந்து செபமாலை சொல்லுவார்கள். ஒரு அக்டோபரில், குடும்ப செபத்தைப் பதிவுசெய்து அனுப்பும்படி தேவாலயத்தில் கேட்டிருந்தார்கள். அழைப்பு தானாகவே பதிவாகும்படி அபிகெயில் வைத்தாள். அக்டோபர் முடிந்தது, அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பதிவாகிக்கொண்டே வந்திருக்கிறது.

அண்ணன் சரக்கு வந்தால் எப்படிச் சோதிப்பாரோ அப்படிச் சோதித்தார். முதல் பதிவைத் திறந்தார். அக்கா கையில் மாலையோடு உட்கார்ந்து செபத்தைத் தொடங்கினார். அண்ணன் அதை மூடினார். நடுவில் ஒன்றைத் திறந்தார். அதே நாற்காலி, அதே செபம். கடைசியில் ஒன்று. அதுவும் அதேதான். ஒவ்வொன்றிலும் ஆரம்பத்தில் ஒரு நிமிஷம் பார்த்திருப்பார். சொல்லுகிற வார்த்தை வருஷம் முழுக்க மாறாத செபம் அது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது?

எனக்கு மனசு ஒப்பவில்லை. வெளியே ஒரு வட்டில் போட்டு வைத்துக்கொள்ளலாமே என்றேன். வேண்டாததை வைக்க இன்னொரு ஸ்டோரா என்று சிரித்தார். அக்காவிடமும் கேட்டேன். அவர் திரையில் தன்னைப் பார்த்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டா ஆண்டவர் முன்னால் உட்கார்ந்தேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அழிங்க தம்பி, செபம்தானே. நான்தான் வீட்டுல தினம் சொல்றேனே."

அண்ணன் அளவுப்படி வரிசைப்படுத்தச் சொன்னார். எல்லாம் ஒன்றுதான், இருப்பதில் சின்னதை வைத்துக்கொள்வோம் என்று ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். மற்றதை எல்லாம் தானே தேர்ந்தெடுத்து, தானே அழித்தார். குப்பைத்தொட்டியையும் காலிசெய்தார். தூக்கிப்போட்டதை வாசலில் வைத்திருக்கும் பழக்கம் எங்களிடம் கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். நீல நிறம் முழுவதும் மறைந்து திரை வெளுத்தது. அக்கா கைதட்டினார். அன்றைக்கே கல்யாண வீடியோவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த வருஷம் ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில் இன்பராணி அக்கா இறந்துபோனார். பாலர் பள்ளி அடுப்படியில் மயங்கி விழுந்தவர்தான். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். மருத்துவமனையில் கண்ணையே திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அத்தனை பேசிய மனுஷி ஒன்றும் சொல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் குடும்பம் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். செபமாலையை முழுவதுமாகக் கேட்டது அன்றுதான். ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, கூடி இருப்பவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிக்கிறார்கள். அப்படியே மாலை முழுவதும் போகிறது. அன்று யாரோ ஒரு அம்மா முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, தலை நிமிராமல் மறுபாதியைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அழுகையில் மற்றவர்கள் குரல் விட்டுவிட்டு வந்தது. அவர் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவரைப் பார்க்கவே இல்லை. ஒரு காலை கடையைத் திறக்கப் போனால், இழுகதவுக்கு முன்னால் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். ரொட்டிக் கடைக்காரர் ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தும் அதை வைத்துக்கொண்டே நின்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் நடந்ததைச் சொன்னார். அக்காவின் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி வருகிறது. பினாங்கில் இருக்கும் அபிகெயில் அதற்காக வரப்போகிறாள். முந்தின நாள் தொலைபேசியில் பேசும்போது ஒன்று கேட்டிருக்கிறாள். அம்மா குரலைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது, அந்த வீடியோக்களை எடுத்து வையுங்கள் என்று. வெறும் செபம்தானே அதில் இருக்கிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். இல்லை அப்பா, நீங்கள் அழைப்பைத் துண்டிக்கும்வரை பதிவு ஓடிக்கொண்டேதான் இருக்கும், செபம் முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் பேசுவீர்களே, அதெல்லாமும் சேர்ந்துதான் இருக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

பிறகு கூப்பிடுகிறேன் என்று அண்ணன் தொலைபேசியை வைத்துவிட்டார்.

"நான் பெட்டிய தொறந்து மேல இருந்தத மட்டும்தான் பாத்தேன் தம்பி. அடியில இருந்தத பாக்கவே இல்ல."

ஊட்லண்ட்ஸ் அறையில் ஒண்டியாகக் கிடந்தவருக்கு, தினமும் செபம் முடிந்ததும் அக்கா பூனைக் கதையும் மீன்காரர் கதையும் சொல்லியிருக்கிறார். அண்ணன் சிரித்திருப்பார். சில நாள் திட்டும் வாங்கியிருப்பார். அத்தனையும் அந்த நீலக் கட்டத்துக்குள் இருந்திருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறோம்.

மீட்டுத் தர முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. மகள் வந்து கேட்பதற்குள், எடுத்து வைத்த அந்த ஒன்றைத் தவிர இன்னும் ஒன்றிரண்டாவது கிடைக்க வேண்டும். கையில் இருந்த மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். பழைய வகை, தட்டு சுழலுகிற டிரைவ் என்றால் அழித்ததில் கொஞ்சமாவது மிஞ்சும். இது புது வகை. அழித்த இடத்தைத் தானே துடைத்து வைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு அதன் மேல் கல்யாண வீடியோ ஏறி உட்கார்ந்திருந்தது. சிங்கப்பூரில் இதே வேலை செய்யும் நண்பர் ஒருவரையும் கேட்டுவிட்டேன். அவரும் கையை விரித்துவிட்டார்.

அண்ணன் தினமும் வந்து அக்கா உட்காரும் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு, இப்போது அந்த இடத்தில் என்னதான் இருக்கிறது, அதையாவது காட்டு என்றார்.

அதே மென்பொருளை ஓடவிட்டேன். திரை நிறையப் பச்சை, மூன்று பெரிய கட்டங்கள். மூன்றும் கல்யாண வீடியோ. வட்டில் சுருக்கி வைத்திருந்தது அப்படியே ஒன்று, அதை விரித்தது ஒன்று, பத்திரமாக இருக்கட்டும் என்று மருமகன் பிரதி எடுத்து வைத்தது ஒன்று. ஒரே பொருள், மூன்று அட்டி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேசையை ஓங்கித் தட்டிவிட்டேன். வாசலில் நின்ற வாடிக்கையாளர் பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

கல்யாண வீடியோவில் அக்கா இருப்பாரே என்று ஒரு நப்பாசை. ஓடவிட்டோம். மேடை விளக்கைச் சரிசெய்கிறார்கள். காலி நாற்காலிகள். பிரியாணி தின்கிற வாய்கள். ஒரு இடத்தில் அக்கா வந்தார். பட்டுப் புடவையில், ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஆனால் மண்டபத்தில் போட்ட சினிமாப் பாட்டு எல்லாவற்றையும் மூடியிருந்தது. அக்காவின் வாய் அசைவதுதான் தெரிந்தது. அண்ணன் ஒலிபெருக்கியின் பக்கம் காதைச் சாய்த்துப் பார்த்தார். பாட்டுதான் கேட்டது.

"அந்த சாம்பிள போடு தம்பி," என்றார்.

அன்றைக்கு எடுத்து வைத்த அந்த ஒரே பதிவு. அக்கா போன பிறகு அதைத் திறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை; இதுவரை அவரும் அதை முழுதாகப் பார்த்ததில்லை. திறந்தேன். அதே நாற்காலி. வெளியே மழை பெய்கிற சத்தம். அக்கா தலையில் துண்டோடு மாலையைக் கையில் எடுத்து, முதல் பாதியைச் சொன்னார். ஊட்லண்ட்ஸிலிருந்து அண்ணனின் குரல், கொஞ்சம் தாமதமாக, மறுபாதியைச் சொன்னது. பிறகு, என் பக்கத்தில் இருந்த அண்ணனின் உதடு அசைந்தது. திரையில் இருந்த அவர் குரலுக்கு முந்திக்கொண்டு, இங்கே உட்கார்ந்தபடி அவரே பதில் சொல்லத் தொடங்கினார். அக்கா சொல்லச் சொல்ல இவர் முடித்துக்கொண்டே வந்தார். எனக்கு எழுந்து போகவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

செபம் முடிந்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, மாலையை முத்தமிட்டு மேசைமேல் வைத்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். எனக்குத் தெரிந்த அந்தச் சிரிப்பு.

"ஏங்க, இன்னிக்கு ஒன்னு நடந்துச்சு, கேளுங்க."

எங்கோ இடி விழுந்த சத்தம். அதோடு பதிவு நின்றுவிட்டது. அன்று மழையில் இணையம் போயிருக்கிறது. பேச்சு பதிவாகாததால்தான் அந்தக் கோப்பு எல்லாவற்றிலும் சின்னது. சின்னது என்றுதான் அண்ணன் அதை வைத்துக்கொண்டார்.

அவர் மறுபடியும் கடைசிப் பகுதியைப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அவரைக் கேட்காமலே நானே நிறுத்திவிட்டேன்.

"லைன் போனதும் கைபேசியில கூப்ட்டிருப்பா. சொல்லாம தூங்க மாட்டா. நானும் உம் கொட்டிக் கேட்டிருப்பேன். என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே வரல தம்பி."

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். கிடங்கையே ஒழுங்காக வைத்திருந்த மனிதர், துடைத்துக்கொள்ள ஒரு கைக்குட்டைகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நான் கடைத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் சொல்லாமலே பச்சைக் கட்டங்களில் இரண்டை அழித்தேன். டிரைவில் இப்போது எவ்வளவோ இடம்.

அழுது முடித்த பிறகு, அந்த ஒரு பதிவைத் தனியாக எடுத்துத் தரச் சொன்னார். எதில் வேண்டும் என்று கேட்டேன்.

"பென் டிரைவ்ல ஒன்னு, வட்டுல ஒன்னு, ஒன் கிட்டயும் ஒன்னு வச்சிக்கோ. இன்னும் எங்கெல்லாம் வைக்க முடியுமோ அங்கெல்லாம் வச்சிடு."

ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்புவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. கைபேசியை எடுத்து மகளின் பெயரைத் தேடினார். நான் வெளியே போகட்டுமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாம், இரு என்று கையைக் காட்டினார். மறுமுனையில் அபிகெயில் எடுத்து, அப்பா என்றாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அபி, ஒன்னு நடந்துச்சும்மா, கேளு," என்று ஆரம்பித்தார்.